பிறந்த குழந்தையின் ஈறில் காம்போடு தொங்கும் கட்டி: உடனே வெட்டுவதா, விட்டுப் பார்ப்பதா?

தாலுகா_டாக்டர்
பிரசவ அறையில் குழந்தையைத் துடைக்கும்போதே, மேல் ஈறிலிருந்து உதட்டுக்கு வெளியே தொங்கும் சிவந்த உருண்டை கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 'பிறவி எபுலிஸ் (பிறக்கும்போதே ஈறில் இருக்கும் கட்டி), தீங்கற்றது, வெட்டி எடுக்கவும்' என்று பாடநூலில் ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவு இல்லாத ஆஸ்பத்திரியில் முதல் 24 மணி நேரத்தில் எதைப் பார்க்க வேண்டும்? எதில் கை வைக்கக் கூடாது? வெட்டித்தான் ஆகணுமா? அவரவர் துறையிலிருந்து சொல்லுங்க.

கத்திமுனை
டாக்டர், கட்டி எவ்வளவு பெரிது என்பதைப் பிறகு பார்க்கலாம். குழந்தை மூச்சு விடுகிறதா, பால் குடிக்கிறதா என்ற இரண்டும்தான் அவசரத்தைத் தீர்மானிக்கும். 3 செ.மீ. கட்டி உதட்டுக்கு வெளியே தொங்கினாலும் குழந்தை ரோஜா நிறத்தில் படுத்திருக்கும். 1 செ.மீ. கட்டி வாய்க்குள்ளேயே மடங்கி நாக்கின் மேல் உட்கார்ந்தால் பால் இறங்காது.

அடையாளங்கள்: பிறக்கும்போதே இருக்கும். பெரும்பாலும் மேல்தாடையின் முன்பக்க ஈறில், நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி, பக்கவெட்டுப் பல்லும் கோரைப்பல்லும் வரப்போகும் இடத்தில். கீழ்தாடையிலும் வரும், ஆனால் குறைவு. நிறம் இளஞ்சிவப்பு, மேற்பரப்பு வழவழப்பு, தொட்டால் கெட்டியாக இருக்கும். பெரும்பாலும் காம்பு உண்டு, சிலதில் அடி அகலமாக உட்கார்ந்திருக்கும். சில மி.மீ. முதல் 9 செ.மீ. வரை பதிவாகியிருக்கிறது, அதிகம் பார்ப்பது கோலிக்குண்டு அளவு. பத்தில் ஒரு குழந்தைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கட்டி இருக்கும். அதனால் தொங்குவதைப் பார்த்த திகைப்பில் கீழ் ஈறை விட்டுவிடாதீர்கள். விரலில் கையுறை போட்டு இரண்டு தாடையையும் முழுக்கத் தடவிப் பாருங்கள். பெண்குழந்தைகளுக்கு ஆண்குழந்தைகளைவிட 8 முதல் 10 மடங்கு அதிகம். ஆண்குழந்தை என்றால் மற்ற வாய்ப்புகளையும் ஒருமுறை கூடுதலாக யோசிக்கிறது நல்லது.

ஈறுநோக்கி
குழந்தைப் பல் மருத்துவம் பக்கத்திலிருந்து. ஈறில் எது தெரிந்தாலும் எபுலிஸ் ஆகிவிடாது.

அரிசி நொய் மாதிரி வெள்ளையாகச் சின்னச் சின்னதாக இருந்தால் போன் முடிச்சு, எப்ஸ்டீன் முத்து, ஈற்று நீர்க்கட்டி வகை. அவற்றைத் தொடவே வேண்டாம், சில வாரங்களில் தானாக உடைந்து போகும். கீழ்தாடையின் முன்பக்கம் கெட்டியாக, வெள்ளையாக, விரலுக்குக் கரகரவென்று தட்டினால் பிறவிப் பல். 2000 முதல் 3000 பிரசவங்களுக்கு ஒன்று என்கிற அளவில் அது வரும், எபுலிஸைவிட மிகவும் சாதாரணம். நீலம் கலந்து, அழுத்தினால் சுருங்கி, விட்டால் நிரம்பினால் ரத்தக்குழாய்க் கட்டியாகவோ நிணநீர்க் கட்டியாகவோ இருக்கலாம். அதில் 'சின்னதுதானே' என்று கத்தி வைத்தால் வம்பு.

பயப்பட வேண்டியது கருநீலமாக, அடி அகலமாக, எலும்போடு ஒட்டியபடி, பிறந்த பிறகும் வாரத்துக்கு வாரம் வளருவது. மெலனோட்டிக் நியூரோஎக்டோடெர்மல் டியூமர் என்பது இதுதான். இதற்கும் மேல்தாடையின் முன்பக்கம்தான் பிடித்த இடம், அதனால்தான் குழப்பம். பொதுவாக முதல் வருஷத்துக்குள் வெளிப்படும், எலும்பை அரிக்கும், பல் முளைகளை இடம் தள்ளும், வெட்டினாலும் திரும்ப வரும். எபுலிஸ் இதற்கு நேர் எதிர்: கருப்பையில் வளரும், பிறந்ததும் வளர்ச்சி நின்றுவிடும், எலும்பைத் தொடாது. பிறந்த பிறகு வளர்கிறது என்றால் நீங்கள் வைத்த பெயர் தப்பு.

ஒலிஅலை
பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி 'ஐந்தாம் மாச ஸ்கேனில் எல்லாம் நார்மல்னு சொன்னாங்களே?' என்பதுதான். சொன்னது சரிதான். இது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில் வளர்வது. 18-20 வார ஸ்கேனில் வாய் சுத்தமாகவே இருந்திருக்கும். யாரும் கோட்டை விடவில்லை என்பதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழி ஸ்கேன் பார்த்தவர் தலையில் விழும்.

பிந்தைய ஸ்கேனில் தெரிந்தால் பார்க்க வேண்டியவை: கட்டி ஈறிலிருந்து தொடங்குகிறதா, அண்ணத்திலிருந்தா? டாப்ளரில் (ரத்த ஓட்டம் காட்டும் ஸ்கேன்) காம்பு வழியாக ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறதா? பனிக்குட நீர் கூடுகிறதா? கடைசியாகச் சொன்னது முக்கியம். சிசு விழுங்க முடியாமல் போனால் நீர் சேரும். அண்ணத்திலிருந்தோ மண்டையோட்டு அடிப்பகுதியிலிருந்தோ கிளம்பி, உள்ளே சுண்ணாம்புத் துகளும் நீர்ப்பையும் கலந்து தெரிந்தால் அது டெரட்டோமா (பலவகைத் திசுக்கள் கலந்த கட்டி). அந்தப் பிரசவம் வேறு இடத்தில், வேறு ஏற்பாட்டோடு நடக்க வேண்டியது. எம்.ஆர்.ஐ. பெரிய கட்டிகளுக்கு மட்டும் போதும். பிறந்த பிறகு, காம்போடு தொங்கும் 1.5 செ.மீ. கட்டிக்கு சி.டி. எழுதுவது அந்தக் குழந்தைக்குத் தேவையில்லாத கதிர்வீச்சு.

பாலாடை_சிஸ்டர்
முதல் 24 மணி நேரம் எங்க கையில்தான் இருக்கு, அதனால் நான் எழுதுறேன்.

குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைங்க. கையிலோ காலிலோ ஆக்சிமீட்டர் மாட்டுங்க. பிறந்த குழந்தை முக்கியமாக மூக்கு வழியாத்தான் மூச்சு விடும், அதனால் வாயை அடைச்ச மாதிரி தெரிந்தாலும் நிறம் நல்லா இருக்கலாம். இங்கேதான் ஒரு தப்பு நடக்குது. பால் கொடுக்கணும்னு அவசரமா மூக்கு வழியா குழாய் போட்டுடுவாங்க. வாய் ஏற்கெனவே அடைப்பு, இப்போ ஒரு மூக்குத் துவாரமும் போச்சு. கட்டிக்குப் பக்கவாட்டில் இடம் இருந்தால் வாய் வழியா 6 நம்பர் குழாய் போடுங்க.

முதலில் தாய்ப்பால் நேரடியாக முயற்சி பண்ணலாம். சின்னக் கட்டியோடு நிறைய குழந்தைகள் பிடிச்சுக்கும், கட்டி இல்லாத பக்கமா வாயைச் சாய்ச்சு வைக்கணும். உதடு மூடாமல் காற்று கசியுது, 'ளக் ளக்'னு சத்தம் வருது, கட்டி ஓரத்தில் ரத்தம் கசியுது என்றால் நிறுத்திடுங்க. சீம்பாலைக் கையால் பீச்சி எடுங்க, பம்பில் அது ஒழுங்கா வராது. பாலாடையின் மூக்கைக் கட்டி இல்லாத கடைவாய் ஓரத்தில் வைச்சு, சிறுகச் சிறுக, குழந்தை விழுங்கினதைப் பார்த்துப் பார்த்து ஊத்துங்க. முதல் நாள் கணக்கு கிலோவுக்கு 60 மி.லி. 3 கிலோ குழந்தைக்கு நாளைக்கு 180, அதாவது 2 மணிக்கு ஒருமுறை 15 மி.லி. ரத்தச் சர்க்கரை 45 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கணும்.

வெளியே தொங்குற பகுதி காய்ஞ்சு வெடிக்கும். சலைனில் நனைச்ச துணி போட்டு வைங்க. ஜென்ஷியன் வயலட் தடவாதீங்க, அடுத்து பார்க்கிற டாக்டருக்கு நிறமே தெரியாது. சேனை வைக்கிறோம், தேன் தொட்டு வைக்கிறோம்னு பாட்டிமார் வந்தால் அன்பாத் தடுத்துடுங்க. ஒரு வயசுக்குள் தேன் எந்தக் குழந்தைக்குமே ஆகாது, போட்டுலிசம் (நரம்பைத் தாக்கும் நச்சு நோய்) வரலாம்.

இன்னொண்ணு: காம்பில் நூல் கட்டி விட்டால் தானா விழுந்துடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க.

தாலுகா_டாக்டர்
நூல் கட்டுவது ஏன் கூடாது? ஆறாம் விரலுக்கு அப்படித்தானே பல இடத்தில் செய்கிறார்கள்?

கத்திமுனை
கையில் செத்த சதை விழுந்தால் தொட்டிலில் விழும். வாயில் விழுந்தால், அதுவும் குழந்தை தூங்கும்போது விழுந்தால், மூச்சுக்குழலுக்குள் போகலாம். அதற்கு முன் கட்டி அழுகி, வீங்கி, பால் குடிப்பது இன்னும் மோசமாகும். பயாப்ஸிக்கு அனுப்பினால் செத்த திசுதான் கிடைக்கும், பேத்தாலஜி மேடம் என்னைத்தான் திட்டுவார். (ஆறாம் விரலுக்கு நூல் கட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை, அது தனி இழை.)

ஸ்லைடு_ராணி
திட்டத்தான் செய்வேன்.

இதை முதலில் விவரித்தவர் நியூமன், 1871-இல், கோனிக்ஸ்பெர்க்கில். எலும்பு மஜ்ஜையில்தான் ரத்த அணுக்கள் உண்டாகின்றன என்று காட்டிய அதே நியூமன். ஸ்லைடில் பார்ப்பது: பலகோண வடிவில் பெரிய பெரிய செல்கள், சைட்டோபிளாசம் முழுக்க இளஞ்சிவப்புத் துகள்கள், சிறிய உருண்டை நியூக்ளியஸ், இடையிடையே மெல்லிய ரத்தக்குழாய் வலை. மேலே மூடியிருக்கும் எபிதீலியம் மெலிந்து தட்டையாக இருக்கும். மைட்டோசிஸ் (செல் பிரிதல்) தேட வேண்டியதே இல்லை.

பெரியவர்களுக்கு நாக்கில் வரும் கிரானுலார் செல் டியூமர், 1926-இல் அப்ரிகோசாஃப் விவரித்தது, ஹெச்&ஈ (வழக்கமான சாயம் ஏற்றிய) ஸ்லைடில் கிட்டத்தட்ட இதே முகம்தான். ஆனால் அதன் மேல் எபிதீலியம் கீழ்நோக்கி வேர்விட்ட மாதிரி தடித்து இறங்கும், எஸ்-100 என்ற புரதத்துக்கான ஸ்டெயின் பாசிட்டிவ், நரம்புறைச் செல்லிலிருந்து வருவது. குழந்தையின் எபுலிஸில் எஸ்-100 நெகட்டிவ், வைமென்டின் என்ற இன்னொரு புரதம் பாசிட்டிவ். எபுலிஸையும் 'கிரானுலார் செல்' கட்டி என்பார்கள், ஆனால் இரண்டும் பெயரில் மட்டும்தான் உறவு. பெரியவர்களுடையது திரும்ப வரலாம், அபூர்வமாகப் புற்றாகவும் மாறலாம். குழந்தையினுடையது எந்த செல்லில் தொடங்குகிறது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. பெண்குழந்தைகளுக்கு அதிகம் என்பதால் தாயின் ஹார்மோன் காரணம் என்று ஒரு கருத்து உண்டு, ஆனால் சோதித்த கட்டிகளில் ஈஸ்ட்ரோஜன், புரொஜஸ்ட்ரோன் ரிசப்டர்கள் கிடைக்கவில்லை.

பிறந்த வயது, ஈறு, காம்பு எல்லாம் பொருந்தி ஹெச்&ஈ-யும் தெளிவாக இருந்தால், எஸ்-100 இல்லாமலே நான் ரிப்போர்ட் கொடுப்பேன். குழந்தைக்கு அஞ்சு வகை ஸ்டெயின் செலவு வைப்பதில் அர்த்தமில்லை. எனக்கு வேண்டியது வேறு. 10% ஃபார்மலின், கட்டியின் அளவைப்போல் குறைந்தது 10 மடங்கு, வாய் அகன்ற டப்பா. ஊசி மருந்து பாட்டிலில் கட்டியைத் திணித்து அனுப்பாதீர்கள், உள்ளே போனது வெளியே வராது. சலைனில் போட்டு மறுநாள் அனுப்பினால் செல்கள் கரைந்து, துகளா சிதைவா என்று தெரியாமல் போகும். படிவத்தில் 'வாய்க் கட்டி' என்று மட்டும் எழுதாமல் வயது எத்தனை நாள், எந்தத் தாடை, காம்பு உண்டா, பிறந்த பின் வளர்ந்ததா என்று எழுதுங்கள்.

ஈறுநோக்கி
இப்போது தாலுகா டாக்டரின் முதல் கேள்விக்கு வருவோம். வெட்டித்தான் ஆகணுமா? என் கருத்து: சின்னது, பால் குடிக்கிறது, மூச்சு சரி, தோற்றத்தில் சந்தேகம் இல்லை என்றால் காத்திருக்கலாம். வெட்டாமலே சில மாதங்களில் சுருங்கி மறைந்த குழந்தைகள் மருத்துவப் பதிவில் இருக்கிறார்கள்.

கத்திமுனை
இருக்கிறார்கள், ஆனால் விரல்விட்டு எண்ணும் அளவில். அதை நம்பி 2 செ.மீ. கட்டியை வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினால் ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் உரசும், புண்ணாகும், ரத்தம் கசியும். தாய்க்கு அந்த முகத்தைப் பார்க்கிற வேதனை வேறு. சில மி.மீ. உள்ளவற்றில் உங்களோடு ஒத்துப்போகிறேன் சார். அதிலும் ஒரு நிபந்தனை: வாரம் ஒருமுறை எடையும், அளவுகோலை அருகில் வைத்து எடுத்த போட்டோவும். அப்படி வந்து காட்ட முடியாத தூரத்தில் இருக்கும் குடும்பம் என்றால் எடுத்துவிடுவதே மேல்.

எடுப்பதில் ஒரு நல்ல செய்தி. கொஞ்சம் மிச்சம் விட்டாலும் திரும்ப வளர்வதில்லை. அதனால் ஓரம் விட்டு அகலமாக வெட்டும் வேலையே இங்கே கிடையாது. ஈறின் மேற்பரப்புக்குச் சமமாகக் காம்பை வெட்டினால் போதும். ஆழமாகப் போனால் அடியிலேயே பால்பல் முளைகள் இருக்கின்றன, கருவிலேயே கடினமாகத் தொடங்கியவை. தீங்கற்ற கட்டிக்காகக் குழந்தையின் முன்பல்லைப் பலி கொடுப்பது அநியாயம்.

செய்முறை: கட்டியின் நுனிச் சதையில் 4-0 சில்க் ஒரு தையல் போட்டு, நூலை நீளமாக விட்டு உதவியாளர் கையில் கொடுங்கள். இதுவே பிடிமானம், இதுவே வெட்டியபின் தொண்டைக்குள் நழுவாமல் காப்பதும். நூலை இழுத்துப் பிடித்தால் காம்பு எங்கே முடிந்து ஈறு எங்கே தொடங்குகிறது என்பது தெரியும். ரொம்ப இழுத்தால் நல்ல ஈறும் கூடாரம் போல எழும்பி வரும், அதையும் சேர்த்து வெட்டிவிடுவோம். சுட்டு வெட்டும் ஊசிமுனைக் காட்டரியைக் குறைந்த அளவில் வைத்து வெட்டுங்கள், அல்லது 15 நம்பர் பிளேடும், ரத்தக்குழாயைச் சுட்டு மூடும் பைபோலாரும். காம்புக்குள் ஓடும் குழாயை வெட்டுமுன் சுட்டுவிட்டால் ரத்தம் அநேகமாக வராது. காட்டரியை ஒரே இடத்தில் வைத்து வறுக்காதீர்கள், சூடு முளை வரை போகும். ஓரங்கள் தானாகச் சேர்ந்தால் 5-0 விக்ரில் ஒன்றிரண்டு, சேராவிட்டால் அப்படியே விடலாம், வாய்ப்புண் சீக்கிரம் மூடிக்கொள்ளும். ஆன்டிபயாட்டிக் தேவையில்லை.

அதற்கு முன் இரண்டு விஷயம். வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்று கேஸ் ஷீட்டில் தேடிப் பார்க்க வேண்டும். வாய்மொழியாக 'போட்டாச்சு' போதாது. அடுத்து, 3 கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே 250 மி.லி. சொச்சம். 25 மி.லி. போனால் பத்தில் ஒரு பங்கு. நனைந்த துணிகளை எடை போடுங்கள், கூடும் ஒவ்வொரு கிராமும் 1 மி.லி.

ஈறுநோக்கி
காம்பு மெல்லியதாக இருந்தால் இதை மரமரப்பு ஊசியிலேயே 5-10 நிமிடத்தில் முடித்துவிடலாமே சார். முழு மயக்கம் எதற்கு?

மூச்சுக்குழல்
அனஸ்தீசியா பக்கம். மெல்லிய காம்புக்கு ஒத்துக்கொள்கிறேன், ஆனால் மரமரப்பு ஊசி என்றால் ஆபத்தே இல்லை என்ற நினைப்பு வேண்டாம். கணக்கைப் பாருங்கள். லிக்னோகெயின் கிலோவுக்கு 3 மி.கி. என்று வையுங்கள். 3 கிலோ குழந்தைக்கு 9 மி.கி. பல் மருத்துவத்தில் இருப்பது 2%, அதாவது 1 மி.லி.யில் 20 மி.கி. ஆக உங்களுக்குக் கிடைப்பது 0.45 மி.லி. 1.8 மி.லி. கார்ட்ரிட்ஜ் ஒன்றில் 36 மி.கி. இருக்கிறது, நாலு மடங்கு! அதனால் கார்ட்ரிட்ஜ் சிரிஞ்சே கூடாது. 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்சில் அளந்து எடுத்து, இன்னொருவர் சரிபார்த்த பிறகு போடுங்கள். 1% கிடைத்தால் இன்னும் நல்லது, 0.9 மி.லி. வரும், காம்பைச் சுற்றிப் பரப்ப வசதி. வலிப்பு வந்தால் கொடுக்க 20% லிப்பிட் எமல்ஷன் (கொழுப்புக் கரைசல்) கைக்கெட்டும் தூரத்தில் இருக்கணும், முதல் டோஸ் கிலோவுக்கு 1.5 மி.லி. பிரிலோகெயின் கலந்த க்ரீமையோ பென்சோகெயின் ஜெல்லையோ வாயில் தடவாதீர்கள். ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபின் ரத்தத்தில் ஏறி குழந்தை நீலமாகும், ஆக்சிஜன் கொடுத்தாலும் நிறம் மாறாது.

அடி அகலமாக இருந்தால், பெரிதாக இருந்தால், பல கட்டிகள் இருந்தால் முழு மயக்கம்தான். 'மூளை வளர்ச்சி பாதிக்குமா' என்று பெற்றோர் கேட்பார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-இல் எச்சரித்தது 3 மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கத்தையும் திரும்பத் திரும்பக் கொடுப்பதையும் பற்றி. 2019-இல் வெளிவந்த காஸ் (GAS) ஆய்வில், கைக்குழந்தைப் பருவத்தில் ஒருமுறை ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட மயக்கம் பெற்ற குழந்தைகளின் அறிவுத்திறன் 5 வயதில் மற்றவர்களோடு ஒத்தே இருந்தது. நமது வேலை அதற்குள் முடியும்.

உண்மையான சிக்கல் குழாய் போடுவதில். மாஸ்க் முகத்தில் உட்காராது, கட்டி தள்ளும். பெரிய மாஸ்க்கை எடுத்துக் கட்டியையும் உள்ளடக்கி அழுத்தலாம், அல்லது ஈரத்துணியால் கட்டியை ஒரு பக்கம் ஒதுக்கலாம். முன்பல் இடத்தில் கட்டி தொங்கும்போது நேர் நடுவில் லாரிங்கோஸ்கோப் (தொண்டையைப் பார்க்கும் கருவி) பிளேடை நுழைத்தால் உரசி ரத்தம் கொட்டும், பிறகு ஒன்றும் தெரியாது. மில்லர் நேர்பிளேடு 0 அல்லது 1, கடைவாய் ஓரமாக. குழாய் 3.5, பக்கத்தில் 3.0 பிரித்து வைத்திருங்கள். தசை தளர்த்தும் மருந்தை மாஸ்க்கில் காற்று ஏற்ற முடிகிறது என்று தெரிந்த பிறகே கொடுக்க வேண்டும். பெரிய கட்டி என்றால் வீடியோ லாரிங்கோஸ்கோப்பும், டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுவழி அமைப்பது) செய்யத் தெரிந்தவரும் தியேட்டருக்குள்ளேயே. தாய்ப்பாலுக்கு 4 மணி நேரப் பட்டினி போதும். இரவெல்லாம் பட்டினி போட்டு அனுப்பினால் சர்க்கரை இறங்கித்தான் வந்து சேரும். முடிந்தபின் அன்றிரவு மூச்சு நிற்கிறதா என்று கண்காணிக்க வேண்டும், அதனால் காலையில் செய்து மாலையில் அனுப்பும் கேஸ் இல்லை இது.

தொண்டையில் துணி அடைத்தால் போர்டில் எழுதுங்கள், எடுத்ததையும் எழுதுங்கள்.

பாலாடை_சிஸ்டர்
வந்த பிறகு: மரமரப்பு ஊசியில் செய்தது என்றால் ரத்தம் நின்றதும் மார்பில் போடலாம், அதுவே பாதி வலி மருந்து. முழு மயக்கம் என்றால் நன்றாக விழித்து, தானே சப்ப ஆரம்பித்த பிறகு. பாராசிட்டமால் கொடுக்கும்போது பாட்டிலைப் படிங்க. சொட்டு மருந்து 1 மி.லி.க்கு 100 மி.கி., சிரப் பெரும்பாலும் 5 மி.லி.க்கு 125. கிலோவுக்கு 10 மி.கி. கணக்கில் 3 கிலோ குழந்தைக்குச் சொட்டு மருந்தில் 0.3 மி.லி.தான். சிரப் அளவை நினைச்சுக்கிட்டுச் சொட்டு மருந்தில் 1.2 ஊத்தினால் நாலு மடங்கு போயிடும். பாட்டில் நிப்பிள் வேண்டாம், காயத்தில் இடிக்கும்.

தாலுகா_டாக்டர்
நன்றி. அடுத்த குழந்தைக்கு வருமா, பல் முளைக்குமா என்று கேட்பார்கள். அதையும் சொல்லிவிடுங்கள்.

ஈறுநோக்கி
குடும்பத்தில் வழிவழியாக வரும் நோயாக இது பதிவாகவில்லை. பொதுவாகத் தனியாகத்தான் வரும், வேறு குறை தேடி ஒரு கட்டு டெஸ்ட் எழுத வேண்டாம். பல் பெரும்பாலும் நேரத்துக்கு முளைக்கும். அந்த இடத்தில் பல் இல்லாமல் போனதாகவோ ஈறில் பள்ளம் நின்றதாகவோ சொல்லப்பட்டவை அபூர்வம். ஒரு வாரத்தில் காயம் பார்க்க, ஒரு மாதத்தில் எடை பார்க்க, அப்புறம் மேல் முன்பற்கள் வரும் 8-12 மாதத்தில் ஒருமுறை வரச் சொல்லுங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகலைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்துப் பின் பண்ணிக் கொடுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரி மாறினாலும் அந்த அட்டையைத்தான் எடுத்து வருவார்கள்.